மாணவர் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவை நடத்துவது எப்படி?

எண்பது பேர் வாசிக்கும் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் ஒருவர் அரை நொடி பிந்தினால் அது கூட்டத்தில் கரைந்துவிடும். ஏறத்தாழப் பதினைந்து முதல் முப்பத்தைந்து பேர் வரை மட்டுமே இருக்கும் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவில் அப்படி ஒளிந்துகொள்ள இடமில்லை. மூன்று வியோலாக்களில் (வயலினைவிடச் சற்றுப் பெரியதும் தாழ்ந்து ஒலிப்பதுமான தந்திக் கருவி) ஒன்று சுருதி பிசகினால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது கேட்கும். இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளும் நடத்துநர், தம் வேலையின் பெரும்பகுதி மேடையில் கையசைப்பது அன்று என்பதையும் விரைவில் உணர்ந்துவிடுவார். முன்கூட்டியே செய்யும் ஏற்பாடும், வாசிப்பவர்களை ஒருவரையொருவர் கேட்கப் பழக்குவதும்தான் அந்த வேலை. பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு குழுவைப் புதிதாகப் பொறுப்பேற்கும் மாணவருக்கோ இளம் ஆசிரியருக்கோ உதவும் என்ற எண்ணத்தில் இவ்வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள், பிறகு இசையைத் தேர்ந்தெடுங்கள். இந்த வரிசையை மாற்றிச் செய்து ஒரு பருவத்தின் பாதியை நான் வீணாக்கியிருக்கிறேன்: வியோலா பகுதி இரண்டாகப் பிரியும் ஒரு படைப்பை ஆசைப்பட்டு எடுத்தேன், குழுவில் இருந்ததோ இரண்டே வியோலாக்கள், அவற்றுள் ஒன்று தேர்வுக்காலத்தில் வராமற்போயிற்று. முதல் வயலின் ஆறு, இரண்டாம் வயலின் ஐந்து, வியோலா நான்கு, செல்லோ மூன்று, டபுள் பேஸ் ஒன்று அல்லது இரண்டு என்பது வசதியான அளவு. நான்கு, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்றாலும் போதும். டபுள் பேஸ் ஒன்றாவது இருந்தே ஆக வேண்டும். எழுதப்பட்ட சுரத்தைவிட ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் அக்கருவி பல இடங்களில் செல்லோவின் வரியையே அடியில் தாங்கி நிற்கிறது. அது இல்லாவிட்டால் ஏதோ குறைவதைக் கேட்பவர் உணர்வார், ஆனால் எது குறைகிறது என்று அவரால் சொல்ல முடியாது. வியோலா வாசிப்பவர் கிடைக்காவிட்டால், விருப்பமுள்ள வயலின் மாணவர் ஒருவரை அக்கருவிக்கு மாற்றலாம். ஆல்ட்டோ கிளெஃப் (வியோலாவின் இசையை எழுதும் குறிமுறை) கண்ணுக்குப் பழக அவருக்குச் சில வாரங்கள் கொடுங்கள்.

திறமைசாலிகள் அனைவரையும் முதல் வயலினில் அமர்த்திவிட்டு எஞ்சியவர்களை இரண்டாம் வயலினுக்கு அனுப்புவது பரவலான தவறு. இரண்டாம் வயலின்தான் தாளத்தின் உள்ளோட்டத்தைத் தாங்குகிறது. அது ஆடினால் மேலே இருக்கும் மெட்டும் ஆடும். ஆகவே உறுதியாக வாசிக்கும் இருவரையாவது அங்கே அமர்த்தி, ஒவ்வொரு மேசையிலும் (ஓர் இசைத்தாங்கியைப் பகிரும் இருவர்) தேர்ந்தவர் அருகில் கற்றுக்கொண்டிருப்பவரை உட்கார வையுங்கள். குழுவுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது தனியாகத் தயாரித்து வந்ததை மட்டும் கேட்டால் போதாது. எளிய வரி ஒன்றைக் கொடுத்து உங்களுடனோ வேறொருவருடனோ சேர்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் வாசிப்பவரைக் கேட்டுத் தம் ஒலியைக் குறைக்கத் தெரிந்தவர், வேகமாக விரல் ஓட்டுபவரைவிட இந்தக் குழுவுக்குப் பயன்படுவார்.

படைப்புகளைத் தேர்வதில் ஏமாற்றங்கள் உண்டு. மோட்சார்ட் 1772-இல் தம் பதினாறாம் வயதில் எழுதிய கே. 136 ('கே.' என்பது அவர் படைப்புகளின் பட்டியல் எண்) டிவர்ட்டிமென்டோ என்னும் இலகுவான இசை பார்வைக்கு எளிது; ஆனால் முதல் வயலின்களின் விரைந்த ஓட்டங்களில் சிறு கலக்கம் நேர்ந்தாலும் அப்படியே வெளியே தெரியும். மெதுவாகச் செல்வது எளிது என்பது அதைவிடப் பெரிய ஏமாற்றம். சாமுவேல் பார்பரின் அடாஜியோ, ஐந்து ஃபிளாட்களில் (அரைச்சுரம் இறக்கும் குறிகள்) எழுதப்பட்டது. நீண்ட சுரங்களை வில் நடுங்காமல் தாங்க வேண்டும், உச்சத்தில் வயலின்கள் மிக உயர்ந்த நிலைக்கு ஏறியாக வேண்டும். புதிய குழு அதை இரண்டு ஆண்டுகள் கழித்து எடுக்கட்டும். தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது 1714-இல் வெளியான கொரெல்லியின் ஓபஸ் 6 (ஆறாம் வெளியீடு) கான்செர்ட்டோ கிராஸோக்கள்: இரண்டு வயலினும் ஒரு செல்லோவும் அடங்கிய சிறு குழு தனியாகப் பேச, மற்றவர்கள் இடையிடையே சேர்ந்துகொள்ளும் அமைப்பு என்பதால், திறன் வேறுபட்ட மாணவர்கள் அனைவருக்கும் அதில் தகுந்த இடம் கிடைக்கிறது. ஹோல்ஸ்ட் தாம் கற்பித்த பள்ளியின் மாணவியருக்காக எழுதிய செயின்ட் பால்ஸ் சூட், இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் தம் சிறுவயது மெட்டுகளைக் கொண்டு 1934-இல் முடித்த சிம்பிள் சிம்ஃபனி ஆகிய இரண்டும் அடுத்த படி. பின்னதன் இரண்டாம் பகுதி முழுவதும் வில்லின்றி விரலால் மீட்டி வாசிப்பது. ஒரு குழு வேகம் கூட்டி ஓடுகிறதா, நிலையாக நிற்கிறதா என்பதை அது தயவின்றிக் காட்டிவிடும். பிரிட்டன் 1976-இல் மறைந்தவர் என்பதால் அவருடைய படைப்புகளுக்குப் பல நாடுகளில் இன்னும் பதிப்புரிமை உண்டு. இசைத்தாள்களை விலைக்கோ வாடகைக்கோ முறையாகப் பெறுங்கள். ஊதும் கருவிகளான ஓபோவும் ஹார்னும் வாசிப்பவர்கள் இரண்டிரண்டு பேர் கிடைத்தால், மோட்சார்ட்டின் 29-ஆம் சிம்ஃபனி தந்திக் கருவிகளோடு அந்த நால்வரை மட்டுமே கேட்கிறது.

தாள்கள் கைக்கு வந்ததும் ஸ்கோரோடு (எல்லாக் கருவிகளின் வரிகளும் ஒன்றாக உள்ள தாள்) தனியாக உட்காருங்கள். ஒலிப்பதிவைக் கேட்டு மனப்பாடம் செய்வது ஸ்கோரைப் படிப்பதாகாது. அப்போது நீங்கள் வேறொருவரின் காலப்பிரமாணத்தைக் கடன் வாங்குகிறீர்கள். ஒவ்வொரு கருவியின் வரியையும் வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். பாட முடியாத வரியை ஒத்திகையில் உங்களால் திருத்தவும் முடியாது. பிறகு வண்ணப் பென்சிலால், உங்கள் கை உண்மையாகவே தேவைப்படும் இடங்களை மட்டும் குறியுங்கள்: தொடக்கம், வேகம் மாறும் இடம், ஃபெர்மாட்டாவில் (சுரத்தை நீட்டி நிறுத்தும் குறி) நிறுத்தி மீண்டும் எடுக்கும் இடம், நீண்ட ஓய்வுக்குப் பின் ஒரு பகுதி நுழையும் எடுப்பு, முடிவு. பத்து நிமிடப் படைப்பில் இவை பெரும்பாலும் இருபதைத் தாண்டுவதில்லை. மற்ற இடங்களில் யார் யாரைப் பின்தொடர வேண்டும் என்பதை எழுதி வையுங்கள். எடுத்துக்காட்டாக, இந்தப் பன்னிரண்டு பார்களிலும் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) எல்லோரும் செல்லோவைக் கேட்க வேண்டும் என்பது போல.

வில்லின் போக்கை முதல் ஒத்திகைக்கு இரண்டு வாரம் முன்னதாகவே முடிவு செய்துவிடுங்கள். எந்தச் சுரத்தில் வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது, எதில் மேல்நோக்கித் தள்ளுவது என்பதை முதல் வயலின் தலைவர் குறித்துக் கொடுக்க, மற்றப் பகுதித் தலைவர்கள் அதற்கேற்பத் தங்கள் தாள்களில் எழுதி, எல்லாப் படிகளுக்கும் பென்சிலால் மாற்ற வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான். ஆனால் இதைத் தவிர்த்த குழு ஒத்திகை நேரத்தின் பெரும்பகுதியை மேலா கீழா என்ற விவாதத்திலேயே செலவழிக்கும். ஒரு பகுதி இரண்டாகப் பிரியும் இடங்களில் மேசையின் வெளிப்புறம் இருப்பவர் மேல்வரியையும் உட்புறம் இருப்பவர் கீழ்வரியையும் வாசிப்பதும், பக்கத்தை உட்புறம் இருப்பவரே திருப்புவதும் வழக்கம் என்பதைப் புதியவர்களுக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள்.

இசையரங்கின் நாளை நிச்சயித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புதிய குழுவுக்கு இரண்டு மணி நேர ஒத்திகைகள் எட்டு அல்லது பத்து தேவை. அவற்றில் எதுவும் தேர்வு வாரத்தில் விழக்கூடாது. கைப்பிடி இல்லாத நாற்காலிகள், செல்லோவின் முள் வழுக்காமல் தடுக்கும் பட்டைகள், இருவருக்கு ஒன்றாக இசைத்தாங்கிகள், கூடுதல் பென்சில்கள் ஆகியவற்றை யார் கொண்டுவருவார் என்பதை ஒருவரைப் பொறுப்பாக்கி எழுதிவிடுங்கள். இவற்றைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை; மறந்தால் மட்டுமே இவை நினைவுக்கு வரும்.

ஒத்திகை சுருதி சேர்ப்பதில் தொடங்குகிறது. ஓபோ இருந்தால் அதுவும், இல்லாவிட்டால் முதல் வயலின் தலைவரும், 440 ஹெர்ட்ஸ் அளவுள்ள 'ஏ' சுரத்தைத் தரட்டும். தாழ்ந்த கருவிகள் முதலில், வயலின்கள் பிறகு, அதுவும் மென்மையாக. ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசித் திரையைப் பார்த்துச் சுருதி சேர்ப்பதை நான் அனுமதிப்பதில்லை, ஏனெனில் காதுக்குப் பதிலாகக் கண் வேலை செய்யும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது. முதல் ஒத்திகையில் படைப்பை ஒருமுறை நிறுத்தாமல், எத்தனை பேர் தடுமாறினாலும், முடிவு வரை வாசியுங்கள். தாங்கள் எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்த பிறகுதான் சிறு திருத்தங்கள் அவர்களுக்குப் பொருள்படும்.

கையசைவைப் பற்றி: நான்கு அடித் தாளத்தில் வலக்கை முதல் அடிக்குக் கீழேயும், இரண்டாவதற்கு இடப்புறமும், மூன்றாவதற்கு வலப்புறமும், நான்காவதற்கு மேலேயும் செல்லும், மூன்று அடியில் கீழே, வலம், மேல். இதைக் கண்ணாடி முன் ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். கடினமானது, ஒலி பிறப்பதற்கு முந்திய அந்த ஒற்றை ஆயத்த அடிதான். வேகம், ஒலியின் அளவு, வில் தந்தியில் உறுத்த வேண்டுமா மிதக்க வேண்டுமா என்பது வரை எல்லாம் அந்த ஓர் அசைவிலும் அதனோடு நீங்கள் இழுக்கும் மூச்சிலும் இருக்க வேண்டும். கோல் வைத்திருப்பது உங்கள் விருப்பம். இருபது பேர் முன் வெறுங்கையே போதும். (தரையில் கனத்த தடியைத் தட்டித் தாளம் காட்டிய, பதினேழாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் லுல்லி, அதைத் தம் காலிலேயே இடித்துக்கொண்டு அந்தப் புண்ணால் 1687-இல் இறந்தார் என்பதை நினைத்தால் நம் காலத்தின் மெல்லிய கோலுக்கு நன்றி சொல்லத் தோன்றும்.)

எனக்கு மிகவும் பயன்பட்ட பயிற்சி ஒன்று உண்டு. ஆயத்த அடியை மட்டும் கொடுத்துவிட்டுக் கைகளைக் கீழே தொங்கவிட்டு, பதினாறு பார்கள் அவர்களே வாசிக்கட்டும். முதன்முறை ஐந்தாவது பாரில் குழு சிதறும். மூன்றாம் ஒத்திகைக்குள் அவர்கள் முதல் வயலின் தலைவரின் வில்லையும் டபுள் பேஸின் அடியையும் தேடத் தொடங்குவார்கள். 1972-இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆர்ஃபியஸ் சேம்பர் ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் இல்லாமலேயே இயங்குகிறது. லண்டனில் நெவில் மாரினர் தம் குழுவைத் தொடக்கத்தில் வயலின் நாற்காலியில் அமர்ந்தே வழிநடத்தினார். மாணவர் குழு நடத்துநரை விட்டுவிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கைகளை எடுத்தபோது நின்றுபோகும் குழு, நீங்கள் கைகளை அசைத்தபோதும் உண்மையில் சேர்ந்து வாசிக்கவில்லை.

சுருதி சரியில்லாத இடத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசித்துச் சரிசெய்ய முடியாது. ஒன்றாக ஒலிக்கும் அந்த ஸ்வரக்கோவையை நிறுத்தி, விப்ராட்டோ (விரலால் சுரத்தை நடுங்க விடுவது) இல்லாமல், அடியிலிருந்து கட்டுங்கள்: முதலில் ஆதார சுரம், அதன்மேல் ஐந்தாம் சுரம், அவை இரண்டும் அசையாமல் நின்ற பிறகே மூன்றாம் சுரம். பெரிய மூன்றாம் சுரம் தூய்மையாக ஒலிக்கும் இடம் பியானோவில் உள்ளதைவிட ஏறத்தாழ 14 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) தாழ்ந்தது. அதை வாசிப்பவரிடம் கொஞ்சம் இறக்கச் சொன்னால் முழு அறையும் திடீரென அமைதியடைவது போலிருக்கும். காலப்பிரமாணம் ஓடுவதற்கும் இடங்கள் உண்டு: ஒலி பெருகும்போதும், விரலால் மீட்டும்போதும், எளிய பகுதி வந்துவிட்டது என்ற நிம்மதியிலும் மாணவர்கள் ஓடுவார்கள். அப்போது கையைப் பெரிதாக்காதீர்கள், சிறிதாக்குங்கள். சிறுத்த அசைவைப் பார்க்க அவர்கள் தலைநிமிர வேண்டியிருக்கும்.

நிறுத்தினால் மூன்றே செய்திகளைச் சொல்லுங்கள்: யார், எங்கே, என்ன. "வியோலாக்கள், 'சி' எழுத்துக்கு நான்கு பார் முன்னால், வில்லின் நுனியில்." ('சி' என்பது தாளில் இடம் காட்ட அச்சிட்டிருக்கும் எழுத்து.) அவ்வளவுதான். தற்செயலான பிழைக்கு நிறுத்த வேண்டாம், வாசித்தவருக்கே அது தெரியும்; இரண்டாம் முறையும் வந்தால் நிறுத்துங்கள். நீங்களும் மாணவராக இருந்தால், நேற்று உணவகத்தில் உடனிருந்த தோழரைத் திருத்துவது சங்கடமானது. அதற்கு நான் கண்ட வழி, ஒத்திகையில் பகுதியை மட்டுமே அழைத்துத் திருத்துவதும், தனிநபரிடம் பேச வேண்டியதைப் பிறகு தனியே பேசுவதும், உங்கள் கை தவறியபோது உடனே உரக்க ஒப்புக்கொள்வதும்தான். கடைசியில் சொன்னதை மூன்று முறை செய்துவிட்டால் மற்றவை எளிதாகும்.

கடைசி ஒத்திகை அரங்கிலேயே நடக்க வேண்டும். முதல் வயலின் தலைவரை வழிநடத்தச் சொல்லிவிட்டு நீங்கள் பின்வரிசைக்குப் போய்க் கேளுங்கள். எதிரொலி நீண்டு நிற்கும் அரங்கில் வேகமான பகுதியைச் சற்றுத் தணித்து, குறுகிய சுரங்களை இன்னும் குறுக்கச் சொல்லுங்கள்; வறண்ட அரங்கில் சுரங்களின் முடிவை நீட்டச் சொல்லுங்கள். இசையரங்கு நாளில் புதிய அறிவுரை எதையும் தராதீர்கள். முடிந்து கைதட்டல் எழுந்ததும், தனிப்பகுதி வாசித்தவர்களை முதலிலும் பிறகு முழுக் குழுவையும் எழுந்து நிற்கச் செய்யுங்கள். கலைந்து போகும் முன் தாள்களை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள்: வாடகைத் தாள்களில் பென்சில் குறிகளை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், சொந்தத் தாள்களில் அவற்றை அப்படியே விட்டு, வில்லின் போக்கு குறித்த படி என்று உறையின் மேல் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காரப்போகிறார்.