ஜெர்மனியில் எம்.எஸ்.: எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஒரு பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்த விதம்

ஈரோட்டில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர் என் அப்பா. 2018 டிசம்பரில், ஜெர்மனியில் கணினியியல் முதுநிலை படிக்கலாம் என்று நான் முடிவெடுத்தபோது, என் கையில் இருந்தது தரவரிசைப் பட்டியலிலிருந்து எடுத்த பத்துப் பெயர்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர்களில் ஒன்றும் தெரியாது. சிவப்பு அட்டை போட்ட நீளப் பேரேடு ஒன்றை எடுத்து வந்து மேசையில் விரித்தார். "அவர்கள் கேட்பதை இடப்பக்கம் எழுது. உன்னிடம் இருப்பதை வலப்பக்கம் எழுது. எங்கே நேராகிறதோ அங்கே விண்ணப்பி" என்றார். நான் சேர்ந்து படித்தது அந்தப் பேரேட்டில் ஏழாவதாக இருந்த கைசர்ஸ்லாவ்டெர்ன். ஒரு லட்சம் பேர் வாழும் சிறு நகரம். நான் முதலில் எடுத்த பத்துப் பெயர்களில் அது இருக்கவே இல்லை.

இடப்பக்கத்தில் எழுத வேண்டியவை எங்கே கிடைக்கும்? ஒவ்வொரு படிப்புக்கும் பல்கலைக்கழகத்தின் தளத்தில் இரண்டு ஆவணங்கள் இருக்கும். ஒன்று சேர்க்கை விதிகள். மற்றொன்று, அங்கே எல்லோரும் 'மோடுல்ஹாண்ட்பூக்' என்று சொல்கிற பாடக் கையேடு. விளம்பரப் பக்கத்தில் சிரிக்கும் மாணவர்களின் படம் இருக்கும். நமக்கு வேண்டிய செய்தி இந்த இரண்டில்தான் இருக்கும். எந்தெந்தப் படிப்புகள் உள்ளன என்று தேட டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தேடுபக்கம் போதும். மொழி ஆங்கிலம், பட்டம் முதுநிலை என்று கொடுத்தால் பட்டியல் வந்துவிடும்.

முதலில் சேர்க்கை விதிகள். கணினியியல் படிக்கக் கேட்பவரிடம், இளநிலையில் கணிதம், கோட்பாட்டுக் கணினியியல், மென்பொருள் என ஒவ்வொரு துறையிலும் இத்தனை கிரெடிட் இருக்க வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. ஆனால் அவர்கள் சொல்வது ஐரோப்பியக் கிரெடிட். ஓர் ஆண்டுக்கு 60, நான்கு ஆண்டுக்கு 240. நம் கல்லூரியின் மொத்தக் கிரெடிட்டோடு அதை ஒப்பிட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். என் பட்டத்தின் மொத்தம் 190. அதில் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் 4 கிரெடிட். 4-ஐ 190-ஆல் வகுத்து 240-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5. இப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் அப்பா கூட்டிக் கழித்தார். இரண்டு இரவுகள் பிடித்தன. இது தோராயம்தான், இறுதி முடிவு அவர்களுடையது. ஆனாலும் எங்கே பற்றாக்குறை விழுகிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும். என்னோடு படித்த மின்னணுவியல் தோழி ஒருத்தி, என்னைவிட நல்ல மதிப்பெண் பெற்றவள், கணினியியலுக்கு நான்கு இடங்களில் விண்ணப்பித்தாள். நான்கிலும் ஒரே பதில்: கோட்பாட்டுப் பாடங்கள் போதவில்லை. அந்த நான்கு விண்ணப்பங்களுக்கு முன்னால் ஒரு பேரேட்டுப் பக்கம் எழுதியிருந்தால், தன் துறைக்கு நெருக்கமான உட்பொதி அமைப்புகள் (எம்பெடெட் சிஸ்டம்ஸ்) படிப்புகளுக்கு அந்த ஆண்டே போயிருப்பாள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

அடுத்தது மதிப்பெண். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறப்பு, 4 என்பது தேர்ச்சி. மாற்றும் சூத்திரம் எளிது: அதிகபட்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழியுங்கள், அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள், 3-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள். என் சராசரி பத்துக்கு 7.8, தேர்ச்சி மதிப்பு 5. ஆகவே 2.2-ஐ 5-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்ட 2.32. இதில் ஒரு நுட்பம் உண்டு. தேர்ச்சி மதிப்பு 6 என்று இருந்தால் அதே 7.8 என்பது 2.65 ஆகிவிடும். 2.5-க்குள் வேண்டும் என்று கேட்கிற படிப்பில் இந்த வித்தியாசம் கதவைச் சாத்திவிடும். எனவே உங்கள் மதிப்பெண் பட்டியலில் தேர்ச்சி மதிப்பு என்ன என்று அச்சாகியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

பாடக் கையேட்டை முழுவதும் படிக்க வேண்டும். நூறு, இருநூறு பக்கம் இருக்கும், அலுப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் படியுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம். எத்தனை கிரெடிட், எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா, குளிர்காலப் பருவத்திலா கோடைப் பருவத்திலா, எந்த மொழியில் என்று எல்லாம் அதில் இருக்கும். நான் மிகவும் ஆசைப்பட்ட ஒரு பெரிய நகரப் பல்கலைக்கழகத்தில், படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் என்று முகப்பில் எழுதியிருந்தது. கையேட்டைப் பிரித்தால், எனக்கு வேண்டிய மென்பொருள் பொறியியல் விருப்பப் பாடங்களில் மூன்றின் மொழிக் கட்டத்தில் 'டாய்ச்', அதாவது ஜெர்மன், என்று இருந்தது. ஆங்கிலத்தில் மிச்சம் இருந்தவை எனக்குத் தேவைப்படாதவை. அப்பா அந்த வரியைச் சிவப்புப் பென்சிலால் அடித்தார். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அடித்தது சரி.

கைசர்ஸ்லாவ்டெர்னில் மென்பொருள் பொறியியல் பாடங்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. அதோடு, பல்கலைக்கழகத்தை ஒட்டியே செயற்கை நுண்ணறிவுக்கான டி.எஃப்.கே.ஐ. நிறுவனமும், மென்பொருள் பொறியியலுக்கான ஃபிராவுன்ஹோஃபர் நிறுவனமும் இருக்கின்றன. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அங்கே மாணவர்களைப் பகுதிநேர ஆய்வு உதவியாளராக எடுத்துக்கொள்வார்கள். 'ஹீவி' வேலை என்பார்கள். என் வாடகையைக் கட்டியதும், ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தந்ததும் அந்த வேலைதான். உங்கள் துறைக்கு அப்படி என்ன நிறுவனம், என்ன ஆலை அந்த ஊரில் இருக்கிறது என்று பேரேட்டில் தனி வரி போடுங்கள்.

தேர்வு விதிகளையும் ஒருமுறை பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயப் பாடத்தில் மூன்று முறை தவறினால் அந்தப் படிப்பே முடிந்துவிடும்; நம் ஊர்போல் அரியர் வைத்துக்கொண்டு போக முடியாது. கணிதத்தில் தடுமாறுகிறவர், கட்டாயக் கணிதம் குறைவான படிப்பைத் தேடுவது கோழைத்தனம் அல்ல.

பணம். அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பருவக் கட்டணம் மட்டும் உண்டு. விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து முதுநிலைக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. விசாவுக்காக, மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவை முன்கூட்டியே காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது, அதாவது மாதம் 992. இந்தத் தொகை அவ்வப்போது மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத்தின் பக்கத்தைப் பாருங்கள். மாதம் 992 யூரோவில் சிறு ஊரில் வாழலாம். மியூனிக்கில் அறை வாடகையே பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஏஜென்சி பற்றி ஒரு வார்த்தை. நான் போன இடத்தில் கொடுத்த நான்கு பெயர்களில் மூன்று, பெரும் கட்டணம் வாங்கும் தனியார் நிறுவனங்கள். தனியார் நிறுவனம் சேர்க்கைக்குத் தரகுத் தொகை தரும். அரசுப் பல்கலைக்கழகம் தராது. யார் எதைப் பரிந்துரைக்கிறார் என்பதைக் கேட்கும்போது இதை மனத்தில் வையுங்கள். ஆனால் 'ஹோக்ஷூலெ', அதாவது செயல்முறைக் கல்வியை முன்னிறுத்தும் உயர்கல்வி நிறுவனம், என்ற பெயரைப் பார்த்து மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அவற்றில் பல அரசுடையவை. பாடம் நடத்தும் பேராசிரியர்களுக்குத் தொழில்துறை அனுபவம் கட்டாயம். வேலைக்குப் போவதே குறி என்றால் சில துறைகளில் அவைதான் நல்ல தேர்வு. முனைவர் பட்டம் வேண்டும் என்றால் பல்கலைக்கழகத்தையே பாருங்கள்.

நாள்கணக்கு: குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கும். பல இடங்களில் கடைசி நாள் ஜூலை 15. ஆனால் ஜூலையில் விண்ணப்பித்து அக்டோபருக்குள் விசா வாங்குவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஓட்டம். ஆகன் நகரப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நமக்குக் கடைசி நாள் மார்ச்சிலேயே வந்துவிடும். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு விசாவுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தருவது) வேண்டும், என் காலத்தில் அது இல்லை. பட்டியல் தயாராகும் முன்பே அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தை யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்ப மையத்தின் வழியாகக் கேட்கும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே பருவத்தில் அடுத்தடுத்து ஒவ்வொன்றுக்கும் 30.

எங்கள் பேரேட்டில் கடைசியில் ஆறு பெயர்கள் அடிபடாமல் நின்றன. ஆறுக்கும் விண்ணப்பித்தேன், மூன்றில் இடம் கிடைத்தது. மூன்றிலும் துறை மாணவர் மன்றத்துக்கு, 'ஃபாக்ஷாஃப்ட்' என்பார்கள், ஒரே கேள்வியை எழுதினேன்: கையேட்டில் உள்ள பாடங்களில் சென்ற ஆண்டு உண்மையில் எவை நடந்தன? இரண்டு இடத்திலிருந்து பதிலே இல்லை. கைசர்ஸ்லாவ்டெர்னிலிருந்து மறுநாளே ஒரு மாணவர் பதினோரு பாடங்களின் பெயரை எழுதி, நடக்காத இரண்டையும் குறிப்பிட்டு அனுப்பினார். அன்று மாலையே அப்பாவிடம் காட்டிவிட்டு, சம்மதக் கடிதத்தையும் விடுதி அறைக்கான விண்ணப்பத்தையும் ஒன்றாக அனுப்பினேன். அறை கிடைக்க நான்கு மாதம் ஆனது.