கப்பித்தான் துரை இல்லை: கடற்கொள்ளையர் ரசிகர் கதைகளில் நாம் விடும் பிழைகள்

ஹட்டனில் ரயில் ஏறி தலவாக்கலையில் இறங்குவதற்குள் ஒரு அத்தியாயத்தை வாசித்துவிடலாம். எங்கள் கொப்பி அப்படித்தான் கைமாறுகிறது. தடித்த சீ.ஆர். கொப்பி, அட்டையில் யாரோ கீறிய மண்டையோடு, உள்ளே ஏழு பேரின் ஏழு விதமான கையெழுத்து. எல்லோருக்கும் பிடித்த ஒரு கடற்கொள்ளையர் படத்தின் மாலுமிகளை எடுத்துக்கொண்டு, படம் முடிந்த இடத்திலிருந்து நாங்களாகவே கதையை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இந்த வாரம் எழுதுகிறவர் அடுத்த வாரம் வாசகர். ஓரத்தில் கருத்து எழுதலாம், ஆனால் பென்சிலால் மட்டும்.

இரண்டு வருடம் இதில் ஊறியதில், சில பிழைகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்துவிட்டேன். அதில் பாதி நான் விட்டவை.

எல்லாவற்றிலும் பெரியது, கப்பித்தானைத் தோட்டத் துரையாக்குவது. என்னுடைய முதல் அத்தியாயத்தில் விடிகாலையில் அறுபது மாலுமிகள் மேல்தளத்தில் வரிசையாக நிற்பார்கள். கப்பித்தான் பெயர் கூப்பிடுவான். பிந்தி வந்தவனுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். கடுமையான தலைவனைக் காட்டிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. கொப்பி திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு அக்கா எழுதியிருந்தார்: "இது கப்பலா, பிரட்டுக்களமா?"

பிரட்டுக்களம் என்றால் தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அக்கா சொன்னது சரி. 1650 முதல் 1730 வரை என்று பொதுவாகச் சொல்லப்படும் அந்தக் காலத்துக் கொள்ளைக் கப்பல்களில் கப்பித்தானை மாலுமிகளே வாக்களித்துத் தெரிவு செய்தார்கள். பிடிக்காவிட்டால் இறக்கியும் விட்டார்கள். இன்னொரு கப்பலைத் துரத்தும்போதும் சண்டையிலும்தான் அவன் சொன்னது சட்டம். மற்ற நேரத்தில் எங்கே போவது, எதைத் தாக்குவது என்பதெல்லாம் கூடிப் பேசி முடிவாகும். அவனுக்கு எதிர்ப்பலமாகக் குவாட்டர்மாஸ்டர் என்று ஒருவன் இருப்பான். சாப்பாட்டைப் பங்கிடுவது, கொள்ளையைப் பிரிப்பது, சண்டை தீர்ப்பது, மாலுமிகள் சார்பில் கப்பித்தானிடம் போய்ப் பேசுவது எல்லாம் அவன் வேலை. நம் ஊர்க் கணக்கில் அவன்தான் தொழிலாளர் சார்பில் துரையிடம் பேசும் தோட்டத் தலைவர். இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் கதையில் குவாட்டர்மாஸ்டர் வரும் இடமெல்லாம் உயிர் பெற்றுவிட்டது. அந்த ஆளை எங்களுக்கு நேரிலேயே தெரியுமே!

துரை கட்டாயம் வேண்டுமா? அவனை வணிகக் கப்பலில் வையுங்கள். சவுக்கடி, குறைந்த சம்பளம், புழுத்த பிஸ்கட் எல்லாம் அங்கேதான். அதைத் தாங்காமல் கொள்ளையர் பக்கம் தாவியவர்கள் ஏராளம். கதைக்குத் தேவையான கோபம் அங்கேயே கிடக்கிறது.

கப்பலில் ஏறும்போது எழுதிக் கையெழுத்திடும் ஒப்பந்தத்தையும் பலர் விட்டுவிடுகிறார்கள். 1722இல் ஆப்பிரிக்கக் கரையோரம் கொல்லப்பட்ட பார்தொலொமியு ரொபர்ட்ஸின் கப்பலில் முக்கிய விஷயங்களில் ஆளுக்கு ஒரு வாக்கு, இரவு எட்டு மணிக்கு விளக்கணைப்பு, காசு வைத்துச் சூதாடத் தடை. வாத்தியக்காரர்களுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு வேறு! கரீபியக் கொள்ளையரோடு திரிந்த எக்ஸ்குவெமெலின் 1678இல் அச்சிட்ட நூலில் காயத்துக்கான நட்டஈட்டுப் பட்டியலே இருக்கிறது: வலது கை போனால் 600 வெள்ளிக் காசு, இடது கை 500, வலது கால் 500, இடது கால் 400, ஒரு கண் 100. ஒற்றைக்கண் மாலுமியை எழுதும் எல்லோரும் கறுப்புத்துணி கட்டிவிடுகிறார்கள். அவன் அந்த நூறு காசை என்ன செய்தான் என்று யாரும் எழுதுவதில்லை.

அதே பட்டியலில் இன்னொரு வரி உண்டு. வலது கைக்கு 600 காசு, அல்லது ஆறு அடிமைகள். கண்ணுக்கு 100 காசு, அல்லது ஓர் அடிமை. கப்பலுக்குள் வாக்குரிமை வைத்திருந்தவர்கள் பிடித்த மனிதர்களைக் காசாக எண்ணினார்கள். தோட்டங்களுக்கு நம் ஆட்களை ஆள்பிடித்து ஏற்றி வந்த கதையைக் கேட்டே வளர்ந்த நாம், கொள்ளையரைச் சுதந்திர வீரர்களாக்கும் உற்சாகத்தில் இந்த வரியைத் தாண்டிப் போகக்கூடாது என்பது என் கருத்து. எங்கள் குழுவில் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. "விளையாட்டுக்கு எழுதுறதுக்கு இவ்வளவு பாரமா மச்சான்" என்றும் ஒரு பென்சில் குறிப்பு உண்டு.

புதையலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வரைபடம், பெருக்கல் குறி எல்லாம் 1883இல் நூலாக வந்த ஒரு நாவல் பரப்பிவிட்ட வழக்கம். கொள்ளையில் கிடைத்தது பெரும்பாலும் துணி, சீனி, கயிறு, உணவு, மருந்துப் பெட்டி. கிடைத்த பங்கைக் கரையில் இறங்கியதும் குடித்துத் தீர்த்தவர்கள்தான் அதிகம். பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளுவதும் கதைகளில்தான் தாராளமாக நடக்கிறது. நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ரசிகர் கதையில் அது குற்றமில்லை. ஒரே அத்தியாயத்தில் மூன்று பேரைப் பலகையில் ஏற்றினால்தான் சலிக்கும்.

கடலுக்கு வருவோம். நம்மில் பலர் கடலைப் பார்த்தது பள்ளிச் சுற்றுலாவில். அதனால் நம் கதைகளில் கப்பலுக்கு 'முன்பக்கம்', 'பின்பக்கம்' மட்டும் இருக்கும், காற்று 'பலமாக' வீசும், அவ்வளவுதான். தமிழில் கடற்சொல்லுக்குப் பஞ்சமா? முன்பக்கம் அணியம். திருப்புவது சுக்கான். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். (கச்சான் என்றதும் ரயிலில் விற்கும் சுருள்தான் எனக்கு ஞாபகம் வரும். அதை வைத்து ஒரு மாலுமிக்குப் பகிடி எழுதிக் கொடுத்தேன், நன்றாகவே எடுபட்டது.)

காற்றின் விஷயத்தில் நாம் கடற்கரைக்காரரைவிடக் குறைந்தவர்களும் இல்லை. மே முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரையில் கடலைக் கொந்தளிக்க வைக்கும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மேலே ஏறி வந்து வட்டவளையிலும் நோர்ட்டன் பிரிட்ஜிலும் கொட்டுகிறது. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மழைக்குப் படங்கு கட்டும் மாதம், பாய்மரக் கப்பல்கள் மேற்குக் கரைக்கு அஞ்சிய மாதம். ஜூன் மாதத்தில் கொழும்புக்கு வெளியே அமைதியான நிலாக்கடலை எழுதுமுன் ஜன்னல் வழியாக ஒருமுறை வெளியே பாருங்கள்.

காலப்பிழை இன்னொரு தொல்லை. 1718இல் ஒரு கொள்ளையன் தப்பி வந்து மலையில் ஒளிகிறான், லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாரோ அவனுக்குப் பிளேன்டீ கொடுக்கிறார்கள். எழுதியவர் எங்கள் குழுவிலேயே நல்ல எழுத்தாளர். கோப்பித் தோட்டங்களும் அவற்றுக்காக நம் ஆட்கள் வந்ததும் 1820களுக்குப் பிறகு. லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டது 1867இல். 1718இல் இந்த மலைகள் கண்டி ராஜாவின் காடு, 1815 வரைக்கும் அப்படித்தான். அந்தக் காட்டை எழுதியிருந்தால் கதை இன்னும் பயங்கரமாக வந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: மலைக்கும் கடற்கொள்ளைக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைத்துக்கொள்வது. சிவனொளிபாதமலையைக் கடலிலிருந்தே பார்த்த அரபுப் பயணி இபின் பதூதா, புகைத்தூண் போல எழுந்து நின்றதாக எழுதினார். 1344இல் இங்கே இறங்கியவருக்கு யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி மணிகளைப் பரிசளித்தார். பிறகு மலபார்க் கரையோரம் கொள்ளையர் மறித்து, உடுத்திய காற்சட்டை தவிர அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள், அந்த மணிகள் உட்பட. அவை யார் கைக்குப் போயின என்று எழுத ஒருவருக்கும் தோன்றவில்லையா?

இதைவிட எனக்குப் பிடித்தது ரொபர்ட் நொக்ஸின் கதை. புயலில் பாய்மரம் இழந்த கப்பலோடு திருகோணமலைப் பக்கத்துக் கொட்டியாரம் குடாவுக்கு வந்து, 1660இல் கண்டி ராஜா இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கில மாலுமி. கண்டிப் பக்கத்து ஊர்களில் ஏறத்தாழ இருபது வருடம், தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். 1679இல் காட்டு வழியே தப்பி, மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரிலிருந்த டச்சுக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். 1681இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. 1720இல் ஆங்கில எழுத்தாளர் டானியல் டீஃபோ ஒரு கொள்ளையனை நாயகனாக்கி 'கப்டன் சிங்கிள்டன்' எழுதியபோது, நொக்ஸின் கதையைச் சுருக்கி நடுவில் செருகிவிட்டார். ஒருவர் கதையை இன்னொருவர் எடுத்துத் தன் கப்பலில் ஏற்றுவது, நம் கொப்பியில் நடப்பதேதான்.

வாசிக்கிறவர்கள் விடும் பிழையையும் சொல்லிவிடுகிறேன். "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல் எழுதியவருக்கு ஒன்றும் தராது. எந்த வரியில் சிரித்தீர்கள், எங்கே பக்கத்தைத் தள்ளினீர்கள் என்று எழுதுங்கள். "அடுத்தது எப்போ?" என்று தினமும் கேட்டு, உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையைப் பதினான்காம் அத்தியாயத்துக்காக நச்சரிக்காதீர்கள். ஒருவர் பார்த்துப் பார்த்து வளர்த்த பாத்திரத்தை அவரைக் கேட்காமல் உங்கள் அத்தியாயத்தில் கொல்லாதீர்கள். எங்களில் ஒருவர் ஒரு சமையற்காரனைச் சுறாவுக்குக் கொடுத்துவிட, அவனை உருவாக்கிய தங்கச்சி மூன்று வாரம் கொப்பியைத் தொடவில்லை. கடைசியில் சுறாவின் வயிற்றிலிருந்து ஆளை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. நம்பும்படி வரவில்லை, ஆனாலும் எல்லோரும் பென்சிலால் கைதட்டினோம்.

இப்போது கொப்பி கொட்டகலையில் இருக்கிறது. கப்பித்தானை மாற்றுவதா என்று வாக்கெடுப்பு நடக்கும் அத்தியாயம். 31க்கு 29 என்று என் ஆள் தோற்றுவிட்டதாகக் கேள்வி. கொப்பி கைக்கு வந்ததும் முதலில் வாக்குகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.