லாஸ் ஏஞ்சலிஸ் கொல்லையில் தேனீ வளர்க்க: முதலில் டேப்பை எடுங்கள்

லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நூறாண்டுக்கு மேல் தடைபட்டிருந்த வீட்டுத் தேனீ வளர்ப்புக்கு 2015 அக்டோபரில் நகர மன்றம் அனுமதி தந்தது. தனிவீட்டு மனைகளுக்கு மட்டுமே இது பொருந்தும். முகவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் என்று இருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். லாஸ் ஏஞ்சலிஸ் கவுன்ட்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) 88 நகரங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விதி. உங்கள் மனை எந்த நகர எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துக்கொண்டு, வாடகை ஒப்பந்தத்தையும் குடியிருப்போர் சங்கத்தின் விதிகளையும் படியுங்கள். நகரம் அனுமதித்தாலும் இவை தடுக்கலாம்.

பெட்டிக் கணக்கு எளிது. மனையில் 2,500 சதுர அடிக்கு ஒரு பெட்டி. 50-க்கு 130 அடி மனை என்றால் 6,500 சதுர அடி, அதாவது இரண்டு பெட்டி. மிச்சமிருக்கும் 1,500 சதுர அடியைக் காட்டி மூன்றாவது வைக்க முடியாது.

அடுத்தது இடம். வீட்டின் முன்புறத்தில் வைக்கக் கூடாது. மனையின் எல்லைக்கோட்டிலிருந்து குறைந்தது 5 அடியும், பொதுவழியிலிருந்தும் தனியார் தெருவிலிருந்தும் 20 அடியும் தள்ளியிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த 20 அடியில்தான். முன்தெருவை அளப்பார்கள், கொல்லைக்குப் பின்னால் குப்பை வண்டி வந்துபோகும் சந்துப் பாதையை மறந்துவிடுவார்கள். அது பொதுவழியாக இருந்தால் அங்கிருந்தும் 20 அடி விட வேண்டும். மூலை மனைக்கு இரண்டு தெருக்களையும் அளக்க வேண்டும்.

பெட்டிக்கும் பக்கத்து மனைக்கும் நடுவே 6 அடி உயரத்தில் சுவரோ வேலியோ அடர்ந்த செடிவேலியோ இருக்க வேண்டும். இல்லையென்றால், பக்கத்து மனையின் தரைமட்டத்திலிருந்து 8 அடி உயரத்தில் பெட்டியை வைக்க வேண்டும். பெட்டி வாசலை விட்டுக் கிளம்பும் தேனீ எதிரே தடுப்பு இருந்தால் மேலே ஏறி, மனிதத் தலைக்கு மேலாகப் பறந்துவிடும். தடுப்பு இல்லாவிட்டால் முக உயரத்திலேயே போகும். கார் கொட்டகைக் கூரை 8 அடிக்கு வசதியாகத் தோன்றலாம். ஆனால் பெட்டியின் மேல் வைக்கும், தேன் நிறைந்த நடுத்தர அளவு அடுக்கு ஒன்றே 20 கிலோவைத் தாண்டும். அதை ஏணியில் சுமந்து இறங்குவது ஆபத்து. தரையில் இடம் இருந்தால் தரையே நல்லது.

பெட்டியின் வாசல், மிக அருகிலுள்ள பக்கத்து மனையின் எல்லையைப் பார்க்காமல் மறுபக்கம் திரும்பியோ அதற்கு இணையாகவோ இருக்க வேண்டும். தன் வீட்டுப் பக்கம் தொந்தரவு வேண்டாமென்று வாசலை வேலிப் பக்கம் திருப்பிவிடுவது வழக்கமான தவறு. பெட்டியின் முதுகுதான் வேலியைப் பார்க்க வேண்டும். வாசலுக்கு முன் ஏழெட்டு அடிக்கு நடைபாதை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும் என்கிறது விதி. கொட்டினதால் மட்டுமல்ல, பக்கத்து வீட்டு நீச்சல்குளத்துக்குத் தேனீ தண்ணீர் தேடிப் போவதாலும் புகார்கள் வரும். தேனீ ஒரு நீர்நிலைக்குப் பழகிவிட்டால் அதை மறக்கடிப்பது கடினம். ஆகவே தேனீ வருவதற்கு முன்னாலேயே, பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, வெயில் படும் இடத்தில் அகலத் தட்டு ஒன்றை வையுங்கள். அதில் கூழாங்கற்களைப் பரப்பி, கற்களின் தலை நனையாத அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள்; தேனீ காய்ந்த கல்லில் நின்று ஓரத்து ஈரத்தை உறிஞ்சும். ஒரு நாள்கூட வற்றவிடக் கூடாது, வற்றினால் குளத்தைத் தேடிப் போகும். கொசு முட்டையிடாமலிருக்க வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

ஒரே பெட்டி வைத்திருந்தாலும் கவுன்ட்டி வேளாண் ஆணையரிடம் பதிய வேண்டும். புதிதாக வைத்தால் 30 நாளுக்குள், பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும். 'பீவேர்' இணையதளத்திலேயே செய்யலாம். பதியும்போது, அருகில் பூச்சிமருந்து அடிப்பதற்கு முன் தரும் அறிவிப்பும் வேண்டும் என்று குறிப்பிடுங்கள். இந்த வசதிக்காகவே பதியலாம்.

தெற்கு கலிஃபோர்னியாவில் 1990-களிலிருந்து, எளிதில் சீறிக் கொட்டும் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீக்கள் பரவியுள்ளன. மரப்பொந்திலிருந்து பிடித்த கூட்டத்தை அப்படியே வளர்க்காதீர்கள். நம்பகமானவரிடம் முதுகில் நிறப்புள்ளி வைத்த ராணியை வாங்கி மாற்றுங்கள். புள்ளியின் நிறம் ஆண்டைச் சொல்லும்: 1, 6-இல் முடியும் ஆண்டுக்கு வெள்ளை, 2, 7-க்கு மஞ்சள், 3, 8-க்குச் சிவப்பு, 4, 9-க்குப் பச்சை, 5, 0-க்கு நீலம். புள்ளியில்லாத ராணி கண்ணில் பட்டால், புள்ளி அழிந்திருக்கலாம். கூட்டமே புதிய ராணியை உண்டாக்கியிருக்கவும் கூடும். அப்படியானால் அவள் ஊர் ஆண் தேனீக்களோடு கூடியிருப்பாள். ஆறு வாரத்தில் அவள் பிள்ளைகள் பெட்டியை நிறைக்கும். குணம் மாறினால் உடனே ராணியை மாற்றுங்கள்.

இளவேனிலில் ஏழு நாளுக்கு ஒருமுறை அடைச்சட்டங்களைத் தூக்கி, கீழ் விளிம்பில் நிலக்கடலைபோல் தொங்கும் ராணி அறைகளை, அதாவது புதிய ராணி வளரும் அறைகளைத் தேடுங்கள். முட்டையிட்டு எட்டு ஒன்பது நாளில் அந்த அறை மூடப்படும், மூடியதும் கூட்டம் பிரிந்து தெரு மரத்தில் போய்த் தொங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு இது தப்பிவிடும். தடுக்கக் கூட்டத்தை நாமே பிரிப்போம். ஆனால் பிரித்த பாதியும் ஒரு பெட்டிதான். 6,500 சதுர அடியில் ஏற்கெனவே இரண்டு இருந்தால் மூன்றாவது விதிமீறல். பிரித்ததை வாங்கிக்கொள்ள ஆளை ஜனவரியிலேயே பேசி வையுங்கள், அல்லது ஒரே பெட்டியோடு தொடங்கி இரண்டாவது இடத்தைக் காலியாக விடுங்கள்.