ஷோரூமில் தெளிவு, வீட்டில் குமுறல்

பெரம்பூரில் எங்கள் வீட்டு ஹாலுக்கு விலை உயர்ந்த ஸ்பீக்கர் தேடியபோது வந்த சிக்கல் இது. ஷோரூமில் துல்லியமாக ஒலித்த உயரமான ஜோடி, டெமோவுக்கு வீட்டில் வைத்ததும் குமுறியது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்து (கனத்த ஒலி தரும் பக்கம்) அடி எல்லாமே ஒரே 'பூம்'.

கேபிள் மாற்றினேன், ஆம்ப்ளிஃபயர் மாற்றினேன், கம்பளம் விரித்தேன். பலனில்லை. கம்பளம் உயர்ந்த அதிர்வெண்களைத்தான் உறிஞ்சும். பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, ஒன்றும் செய்யாது.

அப்புறம்தான் கவனித்தேன்: சில அடிகளுக்கு மட்டும் ஸ்டீல் பீரோவின் கதவு அதிர்ந்தது. செல்போன் செயலியில் ஒரு சோதனை ஒலியை எழுப்பி, அதை 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றிப் பார்த்தேன். 50ஐ ஒட்டி பீரோ கடகடத்தது, சோபாவில் ஒலி எகிறியது. ஹாலின் நீளம் 11 அடி, அதாவது 3.35 மீட்டர். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை அந்த நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் சுமார் 51 ஹெர்ட்ஸ். அறையே அந்த அதிர்வெண்ணைப் பெருக்குகிறது. சுவரை ஒட்டி அந்த அழுத்தம் உச்சத்தில் இருக்கும், சோபாவும் அங்கேதான்.

சோபாவை இரண்டடி முன்னால் இழுத்ததும் பாதி சரியானது. பின்பக்கத் துளையுள்ள அந்த ஜோடியை விட்டுவிட்டு, மூடிய பெட்டி வகையில் சிறியதை எடுத்தேன். அதில் ஒரு எல்லைக்குக் கீழே பேஸ் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் வீதம் இறங்கும், துளையுள்ளதில் 24. அந்த மெதுவான இறக்கத்தைச் சிறிய அறை ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. இப்போது தொப்பியில் எழும் கும்கி என்ற குழைவான நாதம் வழுக்கிப் போவதுகூடத் தனியாகக் கேட்கிறது.