சட்டப் பேராசிரியரின் வலைப்பதிவு ஆய்வாக நிற்க வேண்டுமானால்

2010 ஆகஸ்ட் 6 அன்று, வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் மேனார்டு வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவருடைய வாகனத்தில் காவல்துறை ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி, ஏறத்தாழ ஒரு மாதம் இரவும் பகலும் அவர் போன இடங்களையெல்லாம் பதிவு செய்தது, அரசின் நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காம் திருத்தம் குறிப்பிடும் 'சோதனை' ஆகுமா என்பதே அங்கு எழுந்த கேள்வி. ஒருவர் தெருவில் ஒருமுறை போவதை யாரும் பார்க்கலாம். ஆனால் ஒரு மாதத்துப் பயணங்களைச் சேர்த்துப் பார்த்தால் அவருடைய வாழ்க்கையே வெளிப்பட்டுவிடும், ஆகவே அது சோதனைதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அப்போது ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஒரின் கெர், அன்றைக்கே 'வோலோக் கான்ஸ்பிரசி' என்னும் கூட்டு வலைப்பதிவில், இதனை நான்காம் திருத்தத்துக்குப் புதிதாக வந்திருக்கும் 'மொசைக் கோட்பாடு' என்று அடையாளம் காட்டி, ஐயத்தோடு எழுதினார். அவ்வழக்கு ஜோன்ஸ் என்ற பெயரில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்று 2012 ஜனவரியில் முடிந்தது. அதே ஆண்டின் இறுதியில் மிச்சிகன் சட்ட ஆய்விதழில் கெர் எழுதிய நீண்ட கட்டுரை வெளிவந்தது. எந்த அளவுகோலைக் கொள்வது, எந்தெந்தக் கண்காணிப்புகளை ஒன்றாகச் சேர்த்து எண்ணுவது, எப்போது அது நியாயமான சோதனையாகும், மீறலுக்குப் பரிகாரம் என்ன என்று அக்கோட்பாடு பதில் சொல்லியாக வேண்டிய கேள்விகளை அக்கட்டுரை நான்காக வகுத்துக் காட்டியது.

முதல் நாள் எழுதிய பதிவுக்கும் இரண்டு ஆண்டுக்கும் மேல் கழித்து வந்த கட்டுரைக்கும் இடையில் உள்ள அந்த வழியைத்தான் வலைப்பதிவு தொடங்க விரும்பும் சட்ட ஆசிரியரும் ஆய்வு மாணவரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கருதுகிறேன். வலைப்பதிவு ஆய்வா இல்லையா என்று வாதிடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஆய்வின் முதல் வரைவாக, தேதியோடு, பிறர் திருத்துவதற்கு இடம் கொடுத்து எழுதப்படும் பதிவுக்கு ஆய்வில் இடம் உண்டு. மற்றவை சொந்த அபிப்பிராயங்கள். அபிப்பிராயம் எழுதுவதிலும் தவறில்லை, ஆனால் அதை ஆய்வுக் கணக்கில் வைக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது.

இந்த விவாதம் பழையது. டென்னசி பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கிளென் ரெனால்ட்ஸ் 2001இல் வலைப்பதிவு தொடங்கினார். சட்டப் பேராசிரியர்களான யூஜின் வோலோக்கும் லாரன்ஸ் சோலமும் 2002இல் வந்தார்கள். யேல் பல்கலைக்கழகத்தின் ஜாக் பால்கின் 2003 ஜனவரியில் தொடங்கினார். 2006 ஏப்ரலில் ஹார்வர்டு சட்டப் பள்ளியில் இதற்கென்றே ஒரு மாநாடு கூடியது. அதன் கட்டுரைகளை வாஷிங்டன் பல்கலைக்கழகச் சட்ட ஆய்விதழ் வெளியிட்டது. குறுகிய வடிவம், இலவச அணுக்கம், இடைத்தரகர் இல்லாமை ஆகிய மூன்றும் சட்ட ஆய்வையே மாற்றிக்கொண்டிருக்கின்றன, வலைப்பதிவு அவற்றின் ஒரு முகம் மட்டுமே என்றார் சோலம். கெர் அவ்வளவு நம்பிக்கை காட்டவில்லை. புதியது மேலேயும் பழையது கீழேயும் போகும் அமைப்பே வலைப்பதிவின் கொடுங்கோன்மை என்றும், நேற்று எழுதிய நல்ல பதிவை இன்று எழுதிய சாதாரணப் பதிவு புதைத்துவிடும் என்றும் அவர் சொன்னார். இன்றும் வலைப்பதிவின் முதன்மையான குறை இதுதான். இதற்கு ஒரு மாற்று வழி உண்டு, பின்னர் சொல்கிறேன்.

துறையைக் குறுக்குங்கள், ஆவணத்தை ஏற்றுங்கள்

'அரசியலமைப்புச் சட்டம்' என்று பெரிதாக எடுத்துக்கொண்டால் நூறு பேர் சொன்னதையே நீங்களும் சொல்வீர்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் பெர்மன் 2004 மே மாதத்தில் தொடங்கிய வலைப்பதிவு தண்டனை விதிப்புச் சட்டத்தை மட்டுமே பேசியது. அடுத்த மாதமே, ஜூன் 24 அன்று, பிளேக்லி எதிர் வாஷிங்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தண்டனையை வரம்புக்கு மேல் உயர்த்தும் உண்மைகளை நீதிபதி தாமாகக் கண்டறிய முடியாது, ஜூரிதான் கண்டறிய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதனால் கூட்டாட்சித் தண்டனை வழிகாட்டு நெறிகள் நிற்குமா விழுமா என்று நாடெங்கும் கீழமை நீதிமன்றங்கள் குழம்பின. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தீர்ப்பளித்தது. ஓர் ஆய்விதழ் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிடுவதற்குள் சட்டம் இரண்டு முறை மாறிவிடும். பெர்மனோ நாள்தோறும் தீர்ப்புகளையும் மனுக்களையும் திரட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க உச்ச நீதிமன்றம் 2005 ஜனவரி 12 அன்று அளித்த புக்கர் தீர்ப்பில், நீதிபதி ஸ்டீவன்ஸ் எழுதிய மாறுபட்ட கருத்துரையின் அடிக்குறிப்பொன்று பெர்மனின் வலைப்பதிவு முகவரியைக் காட்டியது. பலரும் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். ஆனால் அங்கே எது மேற்கோள் காட்டப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பெர்மனின் வாதம் அன்று. பிளேக்லிக்குப் பிறகு என்ன நிலைப்பாடு எடுக்க வேண்டும் என்று நீதித்துறை அமைச்சகம் அரசு வழக்கறிஞர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையின் கோப்பு. அது அவர் தளத்தில் இருந்தது, ஆகவே நீதிமன்றம் அங்கே வந்தது. நீங்கள் எழுதும் துறையில் தீர்ப்பின் முழு வடிவம், மனு, எதிர்மனு, அரசாணை எனக் கைக்கு எட்டியவற்றையெல்லாம், வெளியிடத் தடையில்லை என்று உறுதி செய்துகொண்டு, தேதியும் வழக்கு எண்ணும் குறித்து ஏற்றி வையுங்கள். உங்கள் விளக்கத்தை ஏற்காதவரும் ஆவணத்துக்காக வருவார்; வந்தவர் விளக்கத்தையும் படிப்பார்.

பதிவை எழுதும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பதிவில் ஒரு கேள்வி போதும். தீர்ப்பு என்ன சொன்னது என்பதையும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள். தீர்ப்பு நூறு பக்கமானால் முதல் நாளிலேயே முழுத் தீர்ப்பைப் பற்றியும் கருத்துச் சொல்லாமல், எந்தப் பகுதி வரை படித்தீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

பிழையை அழிக்காதீர்கள்

விரைந்து எழுதுபவர் தவறுவார். அதை எப்படிக் கையாள்கிறார் என்பதில்தான் அறிஞருக்கும் அரட்டைக்காரருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். வாக்கியத்தைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால், நேற்றைய வடிவத்தை மேற்கோள் காட்டிய ஒருவர் பொய்யராகிவிடுவார். பழைய வாக்கியத்தைக் குறுக்குக் கோட்டோடு விட்டுவைத்து, கீழே 'திருத்தம்' என்று தேதியிட்டு, யார் சுட்டிக்காட்டினார் என்பதையும் எழுதுவதே முறை.

நீதிமன்றமே தவறலாம் என்பதற்கு 2008ஆம் ஆண்டின் கென்னடி எதிர் லூசியானா வழக்கு சான்று. சிறார் மீதான பாலியல் வன்கொடுமைக்கு மரண தண்டனை விதிப்பதைத் தடுத்த அத்தீர்ப்பு ஜூன் 25 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வந்தது. நாட்டின் பொதுக் கருத்தை அளப்பதற்காக, அத்தண்டனையை எந்தெந்தச் சட்டங்கள் அனுமதிக்கின்றன என்று நீதிமன்றம் எண்ணிப் பார்த்து, கூட்டாட்சிச் சட்டத்தில் அது இல்லை என்றது. ஆனால் 2006இல் நாடாளுமன்றம் இராணுவச் சட்டத்தில் அதைச் சேர்த்திருந்தது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் நீதிபதிகள் ஒன்பது பேரும் கவனிக்காத அதனை, இராணுவச் சட்டத்தை மட்டுமே பேசும் ஒரு வலைப்பதிவில் டுவைட் சல்லிவன் சில நாட்களுக்குள் சுட்டிக்காட்டினார். ஜூலை 2 அன்று நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது. மறுஆய்வு மனு தாக்கலானது. அக்டோபர் 1 அன்று மனுவைத் தள்ளுபடி செய்த நீதிமன்றம், தீர்ப்பின் முடிவை மாற்றாமல் வாசகத்தை மட்டும் திருத்திக்கொண்டது. சல்லிவன் அதைக் கண்டது பேராசிரியர் என்ற முறையில் அன்று, இராணுவ வழக்குகளில் பழகிய வழக்கறிஞர் என்ற முறையில்தான். துறையைக் குறுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு வழக்கில் தொடர்பு இருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்த ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்ட வழக்கில், எதிர்த்தரப்பின் வாதங்கள் பல வோலோக் வலைப்பதிவில் உருப்பெற்றவை; அங்கே எழுதிய ராண்டி பார்னெட் மனுதாரர் தரப்பு வழக்கறிஞர்களுள் ஒருவராகவும் இருந்தார். வாதியும் ஆய்வாளரும் ஒருவராகவே இருப்பது குற்றமன்று. வாசகருக்குத் தெரியாமல் இருப்பதே குற்றம்.

இங்கிலாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகுவதற்கான வாக்கெடுப்பு 2016 ஜூன் 23 அன்று நடந்தது. நான்கு நாட்களில், நிக் பார்பர், டாம் ஹிக்மன், ஜெஃப் கிங் ஆகிய மூவரும் ஐக்கிய இராச்சிய அரசியலமைப்புச் சட்டச் சங்கத்தின் வலைப்பதிவில், நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் விலகல் நடைமுறையைத் தொடங்கும் ஒன்றிய ஒப்பந்தத்தின் ஐம்பதாவது பிரிவைப் பிரதமர் இயக்க முடியாது என்று எழுதினார்கள். மறுத்தவர்களும் அதே இடத்தில் பதிவுக்குப் பதிவு எழுதினார்கள். அந்த வாதம், அரசுக்கு எதிராக ஜினா மில்லர் தொடுத்த வழக்கின் மையமானது. ஹிக்மன் மில்லர் தரப்பு வழக்கறிஞர் குழுவில் இடம்பெற்றார். 2017 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அக்கருத்தை ஏற்றது. கல்வியாளர்கள் எழுதிய கட்டுரைகளால் வாதங்கள் செம்மைப்பட்டன என்று தீர்ப்பே நன்றியோடு குறிப்பிட்டது. எனவே மறுப்பவருக்கு இடம் கொடுங்கள். முடிந்தால் அழைத்து எழுதச் சொல்லுங்கள். சக ஆய்வாளர் மதிப்பாய்வு என்பது இதழில் வெளியீட்டுக்கு முன் மறைவாக நடக்கிறது. இங்கே வெளியீட்டுக்குப் பின் எல்லோர் கண்முன்னும் நடக்கிறது. கெட்டிக்கார எதிரி ஒருவர் இரண்டு பெயர் தெரியாத மதிப்பீட்டாளர்களுக்கு ஈடு.

பதிவு அழியாமல் இருக்க

ஹார்வர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2013இல் பார்த்தபோது, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழ பாதி, முதலில் காட்டிய செய்திக்கு இட்டுச் செல்லவில்லை. அவர்கள் ஆராய்ந்த சட்ட ஆய்விதழ்களில் அவ்வாறு பயனற்றுப்போனவை 70 சதவீதத்துக்கு மேல். அதற்கு விடையாகவே ஹார்வர்டு சட்ட நூலகம் பெர்மா.சிசி என்ற சேமிப்புச் சேவையைத் தொடங்கியது. வலைப்பதிவுகளும் இடம் மாறும்: வோலோக் வலைப்பதிவு 2014இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் தளத்துக்குப் போய், கட்டணத் தடையில்லாமல் வாசகரைச் சேர வேண்டும் என்ற எண்ணத்தால் 2017 இறுதியில் ரீசன் இதழின் தளத்துக்கு மாறியது. ஆகவே நீங்கள் காட்டும் ஒவ்வொரு இணைப்பையும் ஒரு காப்பகத்தில் சேமியுங்கள். உங்கள் பதிவுகளையும் பிடிஎஃப் வடிவில் உங்கள் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் சேருங்கள். ஜெர்மனியில் 2009இல் தொடங்கிய 'ஃபெர்ஃபாசுங்ஸ்பிளாக்' என்ற அரசியலமைப்புச் சட்ட வலைப்பதிவு தன் பதிவுகளுக்கு டிஓஐ எனப்படும் நிலையான அடையாள எண் தருகிறது. அப்படித் தரும் இடத்தில் எழுத வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கெர் சொன்ன கொடுங்கோன்மைக்கு மாற்று, காலவரிசைக்கு வெளியே நிற்கும் ஒரு பொருளடக்கப் பக்கம். சோலம் தம் வலைப்பதிவில் சட்டக் கோட்பாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதித் தொடரையே வளர்த்து, தலைப்புவாரியாகத் திருத்தித் திருத்தி வைத்திருக்கிறார். முதலாண்டு மாணவர்கள் இன்றும் அதைத் தேடி வருகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் பதிவுகளைப் பொருள்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரே கேள்வியைப் பற்றி ஐந்தாறு பதிவுகள் சேர்ந்திருந்தால் அங்கே ஒரு கட்டுரை காத்திருக்கிறது.

அக்கட்டுரையைப் பதிவுகளை ஒட்டவைத்துத் தயாரிக்காதீர்கள். பதிவில் நீங்கள் படிக்காமல் விட்ட பழைய தீர்ப்புகளையும் எதிர்க்கருத்துகளையும் இப்போது முழுமையாகப் படிக்க வேண்டும். பாதிக் கருத்துகள் அப்போதே உதிர்ந்துவிடும். அமெரிக்கச் சட்ட ஆய்விதழ்கள் பெரும்பாலும் மாணவர்களால் நடத்தப்படுபவை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அவை கட்டுரைகளை மிகுதியாக ஏற்கும். அனுப்பும் முன், ஆய்வு வரைவுகளைப் பகிரும் எஸ்எஸ்ஆர்என் தளத்தில் வரைவை ஏற்றுவது அங்கு வழக்கம். கட்டுரையின் ஒரு பகுதி பதிவாக வந்தது என்பதை ஆசிரியர் குழுவுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். நீண்ட கட்டுரைக்குப் பொருள் போதாவிட்டால், யேல், ஹார்வர்டு போன்ற இதழ்கள் இணையத்தில் மட்டும் வெளியிடும் துணை இதழ்களுக்குச் சுருக்கமாக எழுதி அனுப்பலாம். நீளம் தரத்தின் அடையாளம் என்று நம்புபவர்கள், அமெரிக்கத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 2011இல், 'பதினெட்டாம் நூற்றாண்டு பல்கேரியாவின் சாட்சியச் சட்டத்தில் தத்துவஞானி கான்ட்டின் தாக்கம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள் என்று ஆய்விதழ்களைக் கேலி செய்ததை நினைவில் கொள்ளலாம். (கெர் 2015இல் அத்தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி, தாக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்று பதில் சொன்னார்.)

இந்தியாவிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. அறிவுசார் சொத்துரிமை பற்றி ஷம்நாத் பஷீர் 2005இல் தொடங்கிய 'ஸ்பைசிஐபி' ஆவணங்களை வெளியிடுவதிலும் காப்புரிமை அலுவலகத்தைக் கேள்வி கேட்பதிலும் பெயர் பெற்றது. புற்றுநோய் மருந்தின் காப்புரிமை பற்றிய நோவார்டிஸ் வழக்கில் அவர் கல்வியாளராக உச்ச நீதிமன்றத்தில் இடையீடு செய்தார். ஆனால் பணி நியமனத்திலும் பதவி உயர்விலும் இங்கே எண்ணப்படுவது இதழ்க் கட்டுரைகள்தான். எனவே பணி நிரந்தரமாகாதவர் வாரத்துக்கு ஒரு பதிவுக்கு மேல் எழுத வேண்டாம் என்பது என் யோசனை. தற்குறிப்பில் பதிவுகளை 'ஆய்வு வெளியீடுகள்' என்ற தலைப்பின் கீழ் நுழைக்காமல் 'பொது எழுத்து' என்று தனியாகக் காட்டுங்கள். நீதிமன்றமோ ஆய்விதழோ ஒரு பதிவை மேற்கோள் காட்டியிருந்தால் அந்த விவரத்தை மட்டும் அதன் பக்கத்தில் எழுதுங்கள். கட்டுரையின் முதல் அடிக்குறிப்பில் பதிவின் தேதியையும், அங்கே உங்கள் தவறைத் திருத்தியவர் பெயரையும் குறிப்பிடுங்கள். அவர் மாணவராக இருந்தாலும் சரி, புனைபெயரில் எழுதியவராக இருந்தாலும் சரி, எந்தப் பெயரில் நன்றி சொல்லலாம் என்று அச்சுக்குப் போகும் முன் கேட்டுவிடுங்கள்.