பொதுப்பண்ட விளையாட்டை ஆய்வகத்தில் நடத்தும்போது சறுக்கும் இடங்கள்

கணினி ஆய்வகத்தில் 24 மாணவர்களை உட்காரவைத்துக் காசுக்கு ஒரு விளையாட்டு ஆடவிட்டால் எண்கள் வந்தே தீரும். இசட்-ட்ரீ, ஓ-ட்ரீ போன்ற மென்பொருள்கள் ஓட்டை வடிவமைப்புக்கும் அழகான தரவுக் கோப்பைத் தந்துவிடும். அந்த எண்கள் எதை அளந்தன என்பதில்தான் சிக்கல்.

பொதுப்பண்ட விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். நால்வர் கொண்ட குழு. ஆளுக்கு ஒரு சுற்றில் 20 டோக்கன்; விரும்பிய அளவைப் பொதுக்கணக்கில் போடலாம், மீதி கையிலேயே இருக்கும். பொதுக்கணக்கில் விழும் ஒவ்வொரு டோக்கனுக்கும் நால்வருக்கும் தலா 0.4 டோக்கன் கிடைக்கும். எல்லோரும் முழுவதையும் போட்டால் ஆளுக்கு 32, யாருமே போடாவிட்டால் 20. மூவர் முழுவதும் போட்டு ஒருவர் மட்டும் கையை இறுக்கிக்கொண்டால் அவருக்கு 44. பத்துச் சுற்று ஆடினால் முதல் சுற்றில் பாதியளவில் தொடங்கும் சராசரிப் பங்களிப்பு படிப்படியாகச் சரியும். இது பலமுறை பார்க்கப்பட்ட போக்கு.

முதல் சுற்றில் போட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதால் போட்டார்கள் என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு. பொருளியலாளர் ஜேம்ஸ் ஆண்ட்ரியோனி 1995இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்துழைப்பாகத் தெரிந்ததில் ஏறக்குறையப் பாதி வெறும் குழப்பத்தால் வந்தது. ஆகவே ஆட்டம் தொடங்குமுன் மூன்று நான்கு கணக்குக் கேள்விகள் கேளுங்கள். ‘மற்ற மூவரும் 7, 12, 3 போட, நீங்கள் 9 போட்டால் உங்கள் வருமானம் என்ன?’ என்பது போல. விடை 23.4. சரியாகச் சொல்லும்வரை அடுத்த திரை திறக்கக் கூடாது. திணறுபவருக்கு உதவியாளர் அவர் இருக்கைக்கே போய்த் தணிந்த குரலில் விளக்க வேண்டும். எழுந்து நின்று ஒருவர் கேட்கும் சந்தேகம் அறை முழுவதற்கும் உத்தியைச் சொல்லிக்கொடுத்துவிடும். விளக்கக் குறிப்பில் எப்போதும் 0, 10, 20 என்றே உதாரணம் கொடுப்பவர்களும் உண்டு. பிறகு தரவில் 10 குவிந்து கிடப்பதைப் பார்த்து வியப்பார்கள்.

சொற்களும் முடிவைத் தள்ளும். கைதியின் இக்கட்டு விளையாட்டை (இருவர் தனித்தனியே, ஒத்துழைப்பதா கைவிடுவதா என்று முடிவெடுப்பது) ‘சமுதாய விளையாட்டு’ என்று பெயரிட்டு ஆடியபோது ஒத்துழைத்தவர்கள், ‘வால் ஸ்ட்ரீட் விளையாட்டு’ என்ற பெயரில் ஒத்துழைத்தவர்களைவிட மிக அதிகம் என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. பெயரின் விளைவே உங்கள் ஆய்வுப்பொருள் இல்லையென்றால் ‘நன்கொடை’, ‘சுயநலம்’ எல்லாம் வேண்டாம். ‘கணக்கு அ’, ‘கணக்கு ஆ’ போதும்.

ஆய்விதழ் மதிப்பீட்டாளர்கள் அதிகம் பிடிக்கும் தவறு இனித்தான். 24 பேர், 10 சுற்று, ஆக 240 முடிவுகள். ‘மாதிரி அளவு 240’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே குழுவில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் பார்த்து மாறுகிறார்கள். குழு மாறாமல் ஆடினால் உங்களிடம் இருப்பது 6 சார்பற்ற தரவுகள்தான். ஒவ்வொரு சுற்றிலும் 24 பேரையும் கலைத்துப் புதுக் குழுக்கள் அமைத்தால் நிலைமை இன்னும் மோசம்: கடைசிச் சுற்றுக்குள் எல்லோருடைய முடிவும் எல்லோரையும் தொட்டிருக்கும், மிஞ்சுவது ஒன்றே ஒன்று. கலைக்கத்தான் வேண்டும் என்றால் 12 பேர் கொண்ட இரு வட்டங்களாகப் பிரித்து, அவற்றுக்குள்ளேயே கலையுங்கள். அப்போது இரண்டு கிடைக்கும்.

குழுச் சராசரிகளின் திட்டவிலக்கத்தில் (அவை சிதறியிருக்கும் அளவில்) பாதியளவு வேறுபாட்டை 5 விழுக்காட்டு இருபக்கச் சோதனையில் (இல்லாத வேறுபாட்டை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 விழுக்காடு) 80 விழுக்காடு வாய்ப்புடன் பிடிக்க, ஒப்பிடும் ஒவ்வொரு பக்கமும் 64 குழுக்கள் வேண்டும். ஒரு பக்கத்துக்கே 256 பேர். இந்தக் கணக்கைப் போட்டபின் பலர் ஆய்வுக் கேள்வியையே மாற்றிக்கொள்கிறார்கள், அது நல்லதுதான். 2016இல் 18 ஆய்வகச் சோதனைகளை மறுபடி நடத்திப் பார்த்தபோது 11இல் மட்டுமே முதலில் கண்ட விளைவு புள்ளியியல்படி உறுதியானது.

பணம். பத்துச் சுற்றிலும் யாருமே போடாவிட்டால் ஆளுக்கு 200 டோக்கன், எல்லோரும் முழுவதும் போட்டால் 320. ஒரு டோக்கனுக்கு 10 பைசா என்று வைத்தால் வேறுபாடு 12 ரூபாய். அதற்காக யாரும் மூளையைக் கசக்கமாட்டார்கள். அதற்காகத் தொகையைக் கண்டபடி ஏற்றுவதும் தீர்வாகாது. மதுரைப் பகுதிக் கிராமப்புறத்தில் ஒரு விளையாட்டுக்கு அதிகபட்சம் 4, 40, 400 ரூபாய் என மூன்று நிலைகளில் பரிசு வைத்து நடத்திய சோதனையில் (2009இல் வெளியானது) 400 ரூபாய்க்கு ஆடியவர்களே மோசமாக ஆடினார்கள். வந்தவர்கள் அதே நேரத்தில் வெளியே ஈட்டக்கூடிய கூலியையொட்டிச் சராசரித் தொகையை வையுங்கள்.

ஒரு நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். ஹோல்ட், லாரி என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் பரிசுத்தொகை கூடினால் மக்கள் துணிந்து இறங்கத் தயங்குகிறார்கள் என்று காட்டினார்கள். பெரிய தொகைக் கேள்விகள் சிறிய தொகைக்குப் பின்னரே வந்தன. வரிசையின் விளைவும் அதில் கலந்திருக்கிறது என்று 2005இல் வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். தண்டனை வாய்ப்பை (குறைவாகப் போட்டவரின் வருமானத்தை மற்றவர்கள் குறைக்கும் வசதியை) சேர்த்துச் சோதிப்பவர்கள் பாதிப் பேருக்கு முதலிலும் மீதிப் பேருக்குப் பின்னரும் அதைக் கொடுக்க வேண்டியது இதனால்தான்.

பொய் சொல்லாதீர்கள். கணினியோடு ஆடவைத்துவிட்டு ‘எதிரில் மனிதர்’ என்று சொன்னது ஒருமுறை கசிந்தால், அந்தக் கல்லூரியில் அடுத்து வருபவர்கள் உண்மையையும் நம்பமாட்டார்கள்.

நடத்தும் நாளுக்கு: 24 பேர் வேண்டுமென்றால் 28 பேரை அழையுங்கள், மிஞ்சுபவர்களுக்கு வருகைத் தொகையைக் கொடுத்து அனுப்புங்கள். இருக்கையைச் சீட்டுக் குலுக்கித் தாருங்கள், இல்லாவிட்டால் விடுதி அறைத் தோழர்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். ஏழாம் சுற்றில் சர்வர் நின்றுபோனால் அதுவரை ஈட்டியதை எப்படிக் கொடுப்பது, தரவைச் சேர்ப்பதா விடுவதா என்பதை முன்பே எழுதிவையுங்கள். இப்போது புதிதாக ஒன்று: பெயர் தெரியாது என்று உறுதி சொல்லிவிட்டு, கடைசியில் யுபிஐயில் பணம் அனுப்புகிறார்கள். பெயர் திரையில் வந்துவிடும். அது தெரிந்தால் பங்கேற்பாளர் முதல் சுற்றிலிருந்தே நல்லவராக ஆடுவார். இருக்கை எண் மட்டும் எழுதிய ஒட்டிய உறை, முடிவுகளைப் பார்க்காத ஒருவர் கையால்.