வளவுக்கு மேல் இரும்புக் கூரை: எங்கே தவறுகிறோம்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பழைய வீடுகளின் உள்முற்றமான வளவின் திறந்தவெளியை மூட டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோண இரும்புச் சட்டம்) போட்டு ஷீட் மாட்டச் சொல்லி அடிக்கடி அழைக்கிறார்கள். எத்தனை டன், கிலோ என்ன விலை என்று எல்லோரும் கேட்பார்கள். காற்றடித்தால் தூக்குமா என்று கேட்பவர் அரிது.

முதல் தவறு அதுதான். கூரை கீழே இறங்கிவிடுமோ என்றே பயப்படுகிறோம். காற்றுச்சுமைக்கான இந்தியத் தர நூலான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி, அடிப்படைக் காற்று வேகமாக மதுரைக்கு வினாடிக்கு 39 மீட்டரும் திருச்சிக்கு 47 மீட்டரும் கொடுக்கிறது. 39 என்றே வைத்தாலும் சதுர மீட்டருக்குச் சுமார் 90 கிலோ அழுத்தம். அரை மில்லிமீட்டர் ஷீட்டின் எடையோ 5 கிலோ அளவுதான். 2018 நவம்பரில் கஜா வந்தபோது புதுக்கோட்டைப் பக்கம் ஷீட்டுகள் பறந்ததை மறக்க முடியுமா?

அடுத்தது, பழைய சுவரை நம்புவது. ஒரு வீட்டில் டிரில் பிட்டை வெளியே இழுத்ததும் காரை மாவாகக் கொட்டியது. உள்ளே அடித்த ஆங்கர் போல்ட் கையால் திருகினாலே சுற்றியது. செங்கல்லும் சுண்ணாம்பும் மேலிருந்து வரும் பாரத்தை நூறு வருஷம் தாங்கும். பிடுங்கி இழுப்பதைத் தாங்காது. தனித் தூண் நிறுத்துங்கள், அந்த இழுப்பை அடக்கும் எடையில் அஸ்திவாரம் போடுங்கள். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்க மனசு வராதுதான். நாலு இடத்தில் பெயர்த்தே ஆகவேண்டும்.

தூணின் அடியில் வரும் பேஸ் பிளேட்டின் ஓட்டை போல்ட்டுக்குப் பொருந்தாவிட்டால் உடனே கேஸ் கட்டரை எடுக்கிறார்கள். ஓட்டை அகன்று வாஷரே உள்ளே இறங்குகிறது. வரைபடம் போட்ட இன்ஜினியரைக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள். 1981இல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் ஒரு ஹோட்டல் நடைபாலம் விழுந்து 114 பேர் இறந்தார்கள். ஒரே கம்பியில் தொங்கவேண்டியதை இரண்டு கம்பியாக மாற்றியதில் ஓர் இணைப்பின் சுமை இரட்டிப்பானது.

சட்டம் ஆடாமல் பிடிக்கக் குறுக்கே போகும் பிரேசிங் வழியை மறைக்கிறது என்று கழற்றச் சொல்லாதீர்கள். டிரஸ் ஏற்றும்போதும் முதல் இரண்டையும் ஒன்றோடொன்று கட்டாமல் மூன்றாவதைத் தூக்கக் கூடாது. துருவின் மேலும் பெயின்டின் மேலும் வெல்டிங் வைத்தால் பிடிக்காது.

ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை ஆள் விட்டு ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷரையும், தூண் அடியில் தண்ணீர் தேங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.